வெயில் எந்தப் பக்கம்

நசாரியோ மெரினோ, வயது இருபத்திரண்டு, அமெரிக்காவின் ஃபிரெஸ்னோவில் ஓர் இரண்டாண்டுக் கல்லூரி மாணவன். ஊரைவிட்டு வந்து மூன்று வருடமாகியும், அங்கே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அன்று அவன், பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர் ஹாகோபின் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தான். மூன்றாம் வருடத்தில் சேர அவன் விண்ணப்பித்திருந்த பெரிய பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. தன்னைப் பற்றி அவன் எழுதி அனுப்பிய கட்டுரையும் இன்னொருவர் கட்டுரையும் ஒன்றாக இருக்கின்றனவாம். ஏழு நாளில் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் ரத்தாம்.

அந்த இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. நசாரியோவின் அறைத்தோழன் ஃபபியான் காலையிலேயே அதே கடிதத்தோடு வந்து, கட்டுரை தன்னுடையது, திருடியவன் நசாரியோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

நசாரியோ நாற்காலியில் உட்கார்ந்தான்.

கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஷெங்கும் அங்கே இருந்தாள். அவளுக்குப் பொறுமை கிடையாது. இரண்டு விண்ணப்பங்களின் தேதிகளையும் பார்த்தாள். “சார், ஃபபியான் ஒன்பது நாள் முன்னாடியே அனுப்பிட்டான். இவன் கடைசி நாள்ல அனுப்பியிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?”

“முன்னாடி அனுப்பினவன் அவசரக்காரன்னு தெரியுது. அவ்வளவுதாம்மா தெரியுது,” என்றார் ஹாகோப்.

கட்டுரையை எப்படி எழுதினாய் என்று அவர் நசாரியோவைக் கேட்டார். சமையலறை மேசையில் நடந்ததை அவன் சொன்னான். இவன் கதையைச் சொல்லுவான், ‘அப்புறம்?’ என்று ஃபபியான் கேட்பான். எழுதியதைத் திருத்திக் கொடுத்ததும் ஃபபியான்தான். இந்த ஊரில் அவனிடம் ‘அப்புறம்?’ என்று கேட்ட ஒரே ஆள்.

ஹாகோப் இரண்டு கட்டுரைகளையும் அருகருகே விரித்தார். கதை ஒன்றுதான். செப்டம்பர் மாதம். பறித்த திராட்சை, கொடி வரிசைகளுக்கு நடுவே தரையில், காகிதங்கள்மேல் உலர்திராட்சையாகக் காய்கிறது. மேகம் திரள்கிறது. மழைக்கு முன்னால் ஒரு பையன் காகிதங்களைச் சுருட்டிச் சுருட்டி ஒரு வருட உழைப்பைக் காப்பாற்றுகிறான். சில்லறை விஷயங்கள்தான் வேறு. நசாரியோவின் அப்பா, ஃபபியானிடம் மாமாவாகியிருந்தார். ‘காலையில் வரிசைக்குள் போகும்போது வெயில் கண்ணில் குத்தியது’ என்று நசாரியோ எழுதியிருந்தான். ‘காலையில் வரிசைக்குள் போகும்போது வெயில் வலது தோளைச் சுட்டது’ என்று ஃபபியான்.

“தோள்தான் படிக்க நல்லாருக்கு,” என்றாள் ஷெங்.

மறுநாள் இருவரையும் வரச்சொன்னார் ஹாகோப். ஃபபியானிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, கொடியோட நிழல் எங்க விழும்?”

“காகிதத்து மேலதான் சார். காலையிலயும் சாயந்திரமும். அந்த நிழல்லதான் உக்காந்து தண்ணி குடிப்போம்.”

ஹாகோப் கண்ணாடியைக் கழற்றினார். “என் மாமனார் நாப்பது வருஷம் இங்க திராட்சை காயவச்சவர். காயவைக்கிற தோட்டத்துல வரிசை கிழக்கு மேற்காத்தான் ஓடும். அப்பத்தான் நாள் பூரா பழத்துல வெயில் படும். வரிசை தெற்கு வடக்கா ஓடினா, நீ சொன்ன மாதிரி காலையிலயும் சாயந்திரமும் நிழல் விழும், பழம் கெட்டுப்போகும். காலை வெயில் கண்ணுல குத்தினா கிழக்கே நடக்கிறான். வலது தோள்ல பட்டா வடக்கே நடக்கிறான். வடக்கே போற வரிசையில யாரும் பழத்தை விரிக்க மாட்டாங்க, ஃபபியான். உனக்கு அடையாளம் தெரியாம மாத்த வேண்டியிருந்துச்சு. எதை மாத்தக்கூடாதுன்னு தெரியல.”

ஃபபியான் மறுக்கவில்லை. நசாரியோவைத்தான் பார்த்தான்.

“உனக்காவது சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு மச்சான். நான் டயர் கடையில வேலை பாக்கிறவன். என்னைப் பத்தி எழுதச் சொன்னா ஒரு வரிக்கு மேல வரல.”

மூன்று வருடத்தில் ஃபபியானைப் பற்றித் தான் ஒன்றுமே கேட்டதில்லை என்பது நசாரியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்க வாயெடுப்பதற்குள் ஃபபியான் எழுந்து போய்விட்டான். அந்த வாரமே அறையையும் காலி செய்தான்.

ஹாகோப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஏப்ரலில் இடம் கிடைத்தது. ஷெங் கேக் வாங்கி வந்தாள். மூவருக்கு அது அதிகம்.

வீட்டுக்கு வந்த நசாரியோ கைபேசியை வாயருகே வைத்துப் பேசினான். அது எழுத்தாகிக்கொண்டே போயிற்று. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, போனும் கிடையாது. ஊரில் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். இடம் கிடைத்ததைச் சொன்னான், ஆகஸ்டில் கிளம்புவதைச் சொன்னான்.

“இதை அம்மாவுக்கு வாசிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, ஒரு உதவி. ஃபபியான் எப்படி இருக்கான்னு அம்மா கேப்பாங்க. நல்லா இருக்கான், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடுறோம்னு எழுதியிருக்கிறதாச் சொல்லிடுங்க.”