சலவைக் குறி

“நான் எந்த நாட்டிலயும் பொறக்கலையாம், சார்” என்றாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்.

சண்டைக்குத் தப்பி ஓடிவந்த அம்மா, நடுக்கடலில் படகிலேயே அவளைப் பெற்றதாகப் பதிவு. விட்டு வந்த நாடு அவளை ஏற்கவில்லை. இந்த நாடோ, இங்கே பிறந்திருந்தால்தான் குடியுரிமை என்று கைவிரித்துவிட்டது. நாளை கடைசி விசாரணை. தோற்றால் தடுப்பு முகாம்தான்.

உதவி கேட்டு வந்தவளோடு கிளம்ப, துப்பறியும் கண்ணாடிக்காரர் செருப்பை மாட்டினார். அவர் மைத்துனனுக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. அம்மாவை ஏற்றி வந்த படகுக்காரனைப் பிடித்து உலுக்கினால் உண்மையைக் கக்கிவிடுவான் என்று வழியெல்லாம் தொணதொணத்தான்.

ஒற்றை அறை வீட்டில் அம்மா பழைய கதையையே ஒப்பித்தாள். ஊரிலிருந்து எடுத்துவந்த துண்டில்தான் பிறந்த குழந்தையைச் சுற்றினாளாம். தாய்ப்பால் சுரக்கவேயில்லையாம். கரையேறியதிலிருந்து அந்தத் துண்டு பெட்டியை விட்டு வெளியே போனதில்லையாம்.

கண்ணாடிக்காரர் துண்டை விரித்தார். ஓரத்தில், அழியாத மையில், வட்டத்துக்குள் மூன்று புள்ளிகள். மைத்துனனை இழுத்து அவன் சட்டைக் காலரைத் திருப்பினார். அங்கேயும் அதே குறி.

“தன் கடைக்கு வந்த துணின்னு தெரிய நம்ம ஊர்ச் சலவைக்கடையில எல்லாத் துணியிலயும் போடுற குறி இது. கடலுக்கு அந்தப் பக்கத்துத் துண்டுல எப்படிம்மா வந்துச்சு? நீங்க இவளைப் பெக்கல. இந்தக் கரையில, இந்தத் துண்டுல சுத்திக் கிடந்தவளைத் தூக்கியிருக்கீங்க. பால் சுரக்காததும் அதனாலதான்.”

அம்மா சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். “எறும்பு மொய்ச்சுக் கிடந்தா. வெளிய சொன்னா பிடுங்கிட்டுப் போயிருவாங்கன்னு பயந்துட்டேன்.”

மைத்துனனுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிக்கொண்டான்.

பெற்றவர் தெரியாமல் இந்த மண்ணில் கிடந்த குழந்தையை இங்கே பிறந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்றார் கண்ணாடிக்காரர். பிறகு குரல் தாழ்ந்தது. “ஆனா அதை நீங்கதான் சொல்லணும். சொன்னா, தாய்ங்கிற முறையில இவளால உங்களுக்குக் கிடைக்க வேண்டிய, இங்க தங்குற அனுமதியும் போயிரும்.”

வழக்கே வேண்டாம் என்று மகள் அழுதாள்.

மறுநாள் விசாரணை அறையில், இந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்டார். மகள் பதறிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

“எனக்கு ஒரு உறவும் இல்லீங்க, ஐயா. இவ இந்த ஊர்ப் பிள்ளை.”