பேய்க்கு எதற்குச் செருப்பு?

நாமகிரிக்குப் பத்து வயது. அடிவாரத்து ஊர்க்காரி. அவள் அப்பா மலைமேல் வாசலூர்பட்டியில் படகுத்துறைப் பக்கம் டீக்கடை போட்டார். அதனால் அவளும் கொல்லிமலைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்த நாள் முதல் அவளுக்குப் பேரே இல்லை.

"ஏய் அடிவாரம், தள்ளி உக்காரு!"

"அடிவாரம் வருது, வழி விடுங்க!"

இதைத் தொடங்கி வைத்தவள் கோகிலா. அதே வகுப்பு. மிளகுத் தோட்டக்காரர் ராசப்பனின் மகள். பூபதியும் மற்ற பிள்ளைகளும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் சேர்ந்தால் பெரியவர்களே யோசிப்பதில்லை, பிள்ளைகள் எங்கே யோசிப்பது? நாமகிரி வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். அவள் வகுப்பில் பேசுவதையே விட்டுவிட்டாள்.

பள்ளி விட்டால் எல்லாரும் மேல்வழியில் கும்பலாகப் போவார்கள். அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவள் தனியாகக் கீழ்வழியில் போவாள்.

அன்று சாயங்காலம் பாதி வழியில் மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. நாமகிரி ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலே ஆட்டுக்குட்டி கத்தியது. பின்னாலேயே கோகிலாவின் சத்தம்.

"நில்லு சனியனே! ஊட்டுக்கு வா, உனக்கு இருக்குது!"

குட்டி நாமகிரியை உரசிக்கொண்டு ஓடியது. அடுத்து, பக்கத்தில் எங்கோ தொப்பென்று யாரோ விழுந்த சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

முந்தின நாள் மழையில் அங்கே வழியோரம் சரிந்து போயிருந்தது. கீழே வெறும் பாறை.

"கோகிலா!"

பதில் இல்லை.

"கோகிலா! எங்க இருக்கறே?"

கல் ஒன்று உருண்டது. உருண்டு உருண்டு, எங்கோ ஆழத்தில் போய் விழுந்தது.

"கோகிலா!"

இன்னொரு கல் உருண்டது. அதோடு, அடக்கிய விம்மல் ஒன்று.

கோகிலா மயங்கிக் கிடக்கவில்லை. வேண்டுமென்றே வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். ஏன்?

அப்போதுதான் நாமகிரிக்கு உறைத்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். பனிக்குள்ளிருந்து தெரியாத குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லாதே, விலகிப் போ. பனியில் நடமாடுவது எதுவோ, யார் கண்டது!

நாமகிரியின் குரல் கோகிலாவுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாவது பேச விட்டிருந்தால்தானே! கூப்பிடக் கூப்பிட அவள் பின்னால் நகர்கிறாள். பின்னால்தான் சரிவு.

ஓடிப்போய்ப் பிடிக்கலாமா? ஓடினால் இன்னும் விலகுவாள்.

நாமகிரி கூப்பிடுவதை நிறுத்தினாள். மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"என் செருப்பைப் பலா மரத்துல தொங்க விட்டது நீதான்," என்றாள்.

கல் உருளவில்லை.

"நான் ஒளிஞ்சு நின்னு பாத்தேன். மொத தடவ தூக்கிப் போட்டது உன் தலையிலயே வுழுந்துச்சு. சொல்லு, நான் பேயா இருந்தா எனக்கு எதுக்குடி செருப்பு?"

பனிக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அடி... அடிவாரமா?"

"அடிவாரந்தான். நகராதே! உனக்குப் பின்னால மண்ணு சரிஞ்சு கெடக்குது."

"எங்க ஊரு எனக்குத் தெரியாதா?"

"கீழ்வழியில நீ எப்ப வந்தே? தெனமும் தனியா வர்றவ நான்தான்."

கோகிலாவின் குரல் இறங்கியது: "எந்தப் பக்கம் வர்றதுன்னே தெரியல. பேசிக்கிட்டே இரு புள்ள."

"என்ன பேச?"

"என்னமோ பேசு. திட்டு."

அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

"என் பென்சிலை ஒடிச்சே. மண்டி போட்டு வா, எந்திரிக்காதே. என் முட்டையைத் தின்னுட்டுக் காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னே. மெதுவா! நான் நடக்கற மாதிரியே நடந்து காட்டினே..."

புல் சரசரத்தது. மறுபடி ஒரு கல் உருண்டது. நாமகிரி திட்டுவதை நிறுத்தவில்லை.

சில்லென்ற கை ஒன்று அவள் காலைப் பற்றியது. நாமகிரி அந்தக் கையை இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு வாங்கியபடி கோகிலா கேட்டாள்: "செருப்பை நான் போட்டதை டீச்சர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எங்கூடப் பேச மாட்டேன்னு நெனச்சேன்."

"சொல்லாமயும் பேசலையே."

"அதான், என் ரோசனை தப்பாப் போச்சு."

தூரத்தில் ராசப்பனின் குரல். "கோகிலா! சாமி! குட்டி மட்டும் தனியா வந்துச்சே, நீ எங்க?"

"இங்கதானுங்கப்பா!"

காலடிச் சத்தம் நெருங்கியது. சட்டென்று நின்றது.

"கூட யாரு பேசறது?"

கோகிலா முந்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்கப்பா, நாமகிரிதான். எனக்குத் தெரிஞ்ச குரலுங்க."

ராசப்பன் வந்தார். கோலால் தட்டிப் பார்த்தார். மகள் தவழ்ந்து வந்த தடத்துக்குப் பின்னால் கோல் தரையைத் தொடவே இல்லை. தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து இருவர் தலைக்கும் சேர்த்துப் போர்த்தினார்.

"வா கண்ணு, உன்னைக் கடையில விட்டுட்டுப் போறோம்."

சாக்குக்குள்ளிருந்து பேச்சு கேட்டது.

"பென்சிலை நான் ஒடிக்கல."

"நீதான்."

"பூபதிடி அது!"

டீக்கடை வந்த பிறகும் அந்தச் சண்டை முடியவில்லை.