ஓமீன் சொன்னதும் கிண்ணம் யாருக்கு?

"நாற்பத்தொண்ணு காட்டுதும்மா! குட்டி பனிக்கட்டி மாதிரி கிடக்கு, இந்தத் திரை நாற்பத்தொண்ணு டிகிரி காட்டுது!"

மீரிம் ஆட்டுக்குட்டியை வைக்கோல் பெட்டியிலிருந்து வாரி எடுத்துத் தன் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டாள். குட்டியின் நடுக்கம் அவள் விலா வரை வந்தது. பெட்டிக்கு மேலே சூடு தரும் விளக்கு அணைந்து கிடந்தது. பக்கத்தில் சின்னத் திரை மட்டும் 'எல்லாம் சரிதான்' என்பதுபோல ஒளிர்ந்தது.

அம்மா ஓடி வந்து குட்டியின் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"உயிர் இருக்கு. விடாம அணைச்சுக்கோ."

மலையூரான நரினில் மார்ச் மாதத்திலும் வாசலில் பனி குவிந்திருக்கும். குட்டியின் தாய் ஆடு செத்துப்போனதால் அப்பா மலையில் மந்தையோடு நின்றுகொண்டு குட்டியை மட்டும் கீழே அனுப்பியிருந்தார். பெட்டி குளிர்ந்தால் விளக்கைப் போட்டு, சூடானால் அணைக்கும் கருவியை மீரிமும் பக்கத்து வீட்டு எர்மெக்கும் சேர்ந்து செய்திருந்தார்கள். நேற்று வரை ஒழுங்காக ஓடியது.

"நாளைக்கு நான் ரொட்டிக் கடைக்குப் போயே ஆகணும், ரெண்டு நாள் லீவு போட்டாச்சு" என்றாள் அம்மா. "உனக்கு ஸ்கூல். வீட்ல யாரும் இல்ல. இதை நம்பி விட்டுட்டுப் போகலாமா, மீரிம்?"

மீரிம் ஜன்னல் வழியாக எர்மெக்கைக் கூவி அழைத்தாள்.

எர்மெக் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பூட்ஸுமாக, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"ஹெட்மாஸ்டர் எப்படி இருக்கார்?" குட்டியின் முறைப்பைப் பார்த்து அவன் வைத்த பெயர் அது.

"பேசாம வயரைப் பாரு. உன் மூஞ்சியைவிட அதுக்கு நல்ல மூஞ்சிதான்."

வயரை மாற்றினார்கள். வெப்பத்தை அளக்கும் குமிழை மாற்றினார்கள். மீரிம் குமிழின் மேல் சூடாக ஊதிப் பார்த்தாள். எண் அசையவில்லை. சும்மா விட்டபோது, தானாக ஒன்று ஏறியது.

"ஊதினா ஏறல. ஊதலைன்னா ஏறுது. உன்னை மாதிரியே வீம்பு பிடிச்சது" என்றான் எர்மெக்.

அம்மா டீயும் ரொட்டியும் கொண்டுவந்து துணி விரித்து வைத்தாள். எர்மெக் இரண்டு வாய் குடித்துவிட்டு, கிண்ணத்தை அடுப்பு மூலையில் வைத்தான். கண் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அம்மாவுக்கு மாட்டைப் பார்க்கப் போகவேண்டும். சாப்பாட்டை முடித்துவைக்க உள்ளங்கைகளை ஏந்தி, "ஓமீன்" என்று முகத்தைத் தடவிக்கொண்டாள். மீரிமும் தடவிக்கொண்டாள். எர்மெக்கும் பழக்கத்தில் தடவிக்கொண்டான்.

துணி மடிந்தது. ரொட்டி போனது. அம்மா எர்மெக்கின் கிண்ணத்தைக் கழுவி, குட்டிக்குப் பாலும் முட்டையும் கலந்து, சூடு ஆறாமல் இருக்க அதே மூலையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

எர்மெக் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினான். எடுத்தான். குடித்தான்.

"உவ்வே! எஜே! என் டீக்கு என்ன ஆச்சு?" என்று மீரிமின் அம்மாவைக் கூப்பிட்டான்.

வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஓமீன் சொன்னியா இல்லையாடா?"

"சொன்னேன்…"

"சொன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். முடிஞ்ச கிண்ணத்தைக் கழுவி அடுத்த ஆளுக்குக் குடுக்கமாட்டாங்களா? இந்த வீட்ல கிண்ணம் என்ன மலை மாதிரியா குவிஞ்சு கிடக்கு?"

மீரிம் விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"எர்மெக். நேத்து கம்பைலர்ல என்னமோ மாத்தினியே, என்னது?"

கம்பைலர்தான் அவர்கள் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது.

"சிப்ல இடம் பத்தல. அதான் 'இடத்தைப் பகிர்ந்துக்கோ'ன்னு சொல்லி வச்சேன்."

"ஏன் பத்தல?"

எர்மெக் தலையைச் சொறிந்தான். "பால் நேரத்துக்கு அடிக்கிற மணி நல்லால்ல. ஒரு தாலாட்டு மெட்டு போட்டேன்."

"ஆட்டுக்குட்டிக்குத் தாலாட்டு!"

"ஹெட்மாஸ்டருக்கு மரியாதை வேணாமா?"

மீரிம் விரலால் தரையில் ஒரு கட்டம் போட்டாள். "பாரு. வெப்பத்தை அளந்து ஓர் இடத்துல வைக்கிறோம். அந்தப் பகுதி முடிஞ்சிடுது. கம்பைலர் எல்லாத்தையும் வரிசையாப் படிச்சு, எது எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு கணக்குப் போடுது. இங்க வந்ததும், வெப்பத்துக்கு ஓமீன் சொல்லியாச்சுன்னு நினைக்குது."

"இடத்தைக் கழுவி அடுத்த ஆளுக்குக் குடுத்துடுது!"

"அதுல தப்பே இல்ல. ஆனா விளக்கைப் போடுற பகுதி இருக்கே, அது உன்னை மாதிரி. 'மூலையில இருக்கிறது என் கிண்ணம்'னு பாக்காமலே கையை நீட்டுது."

"அப்போ இப்ப அதுல இருக்கிறது யாரோட பால்?"

இருவரும் திரையைப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு. எவ்வளவோ நேரம் கழித்து ஐம்பத்தொன்பது. பிறகு, பூஜ்யம். விளக்கு பளீரென்று எரிந்தது.

"நிமிஷம்!" எர்மெக் கத்தினான். "பால் நேரத்துக்கு வச்ச கடிகாரத்தோட நிமிஷம்!"

வெப்பம் என்று நினைத்து விளக்கு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக்கு ஆளில்லாத வீட்டில் பாதி நேரம் குட்டி விறைக்கும், பாதி நேரம் வெந்துபோகும்.

"தாலாட்டை எடுத்துடறேன்" என்றான் எர்மெக். முகம் சுருங்கிவிட்டது. "பகிர்றதையும் நிறுத்திடலாம். ஆளாளுக்குத் தனி இடம்."

மீரிம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிரலைப் பார்த்தாள்.

"வேணாம். மத்ததெல்லாம் ஒழுங்கா முடியுது, பகிர்ந்துக்கட்டும். வெப்பத்துக்கு மட்டும் ஓமீனைத் தள்ளிப் போடுவோம். விளக்கு பார்த்து முடிக்கிற வரைக்கும் அதோட இடத்தை யாரும் எடுக்கக்கூடாது."

வெப்பத்துக்கு இடம் கேட்கும் அந்த ஒரே வரியை, அளக்கும் பகுதி, விளக்குப் பகுதி இரண்டுக்கும் வெளியே, மேலே கொண்டுபோய் வைத்தாள். அவ்வளவுதான். எர்மெக் நிரலைச் சிப்புக்கு அனுப்பினான்.

திரையில் இருபத்துமூன்று. மீரிம் குமிழின் மேல் ஊதினாள். இருபத்தைந்து, இருபத்தேழு. எர்மெக் ஒரு பிடி பனியை அள்ளிவந்து பக்கத்தில் காட்டினான். எண் இறங்கியது. விளக்கு தானாக எரிந்தது.

திரும்பி வந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை. வைக்கோலுக்குள் கையை விட்டு வெகுநேரம் வைத்திருந்தாள். குட்டியை வாங்கிப் படுக்க வைத்தாள். அது அவள் சுண்டுவிரலைச் சப்பியது.

"சரி. நாளைக்கு நான் வேலைக்குப் போறேன்" என்றாள்.

மீரிமுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

கிளம்பிய எர்மெக்கை ரொட்டி பிட்டு வாயில் போடாமல் அம்மா வாசல் தாண்ட விடவில்லை. அவன் மென்றுகொண்டே திரும்பினான்.

"மீரிம், நம்பர் ஏறி ஏறி இதைக் காட்டிக் குடுத்துடுச்சு. இப்படிக் காட்டிக் குடுக்காம வேற ஏதாவது உள்ள உக்காந்திருந்தா?"

அவன் போன பிறகு மீரிம் பெட்டியின் பக்கத்தில் மெத்தையை விரித்து உட்கார்ந்தாள். குட்டி தூங்கியது. நிரலின் முதல் வரிக்குப் போய், விரலை வைத்து வைத்துப் படிக்கத் தொடங்கினாள். அதில் இடம் பிடித்திருந்த ஒவ்வொரு பெயரிடமும் கேட்டாள்: உன் வேலை நிஜமாவே முடிஞ்சுதா, இல்ல உன்னைத் தேடிக்கிட்டு இன்னும் யாராவது வருவாங்களா?