காந்தம் ஒட்டவில்லை

ஏற்காடு போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது.

தலைச்சோலை ரிசார்ட்டில் கைப்பிடிக் கம்பி முறிந்து, முதலாளி அன்பழகன் பள்ளத்தில் விழுந்துவிட்டாராம். இருநூறு அடி ஆழம்... பிழைப்பாரா என்று கேட்பதே வெட்டி வேலை.

இன்ஸ்பெக்டர் கனகா போய்ப் பார்த்தாள். காலைக் காபியோடு அன்பழகன் தினமும் சாயும் கைப்பிடியின் ஸ்டீல் தூண், அடியில் துருவேறி உளுத்துப் போயிருந்தது.

அதைப் போட்டவன் யுவராஜ். ஏற்காட்டிலேயே ஒண்டிக்கடைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். கூட்டி வந்தார்கள்.

அவன் பதறவே இல்லை. மூன்று வருடம் முன்பு போட்டது எல்லாமே 304, லேசில் துருப்பிடிக்காத உயர்ந்த ரக ஸ்டீல் என்றான். மழையும், வாராவாரம் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவதும் தூணைத் தின்றுவிட்டன என்றான். மேஜைமேல் கிடந்த முறிந்த தூணில் தன் காந்தத்தை வைத்துக் காட்டினான்.

ஒட்டவில்லை.

மலையில் அத்தனை பட்டறையிலும் அதுதான் சோதனை. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல், அவ்வளவுதான்.

கவனக்குறைவு வழக்கு. சாயங்காலமே ஜாமீன் கிடைத்திருக்கும்.

ஆனால்... அவன் மனைவி சசிரேகா வந்துவிட்டாள்! கையில் ஒரு வளையம் நிறையக் கோத்த ஸ்டீல் துண்டுகள்.

"என்ற ஊட்டுக்காரரு மட்டமான மாலு போட மாட்டாருங்க மேடம். ஒவ்வொரு வேலைக்கும் அறுத்த பைப்புல ஒரு துண்டு எடுத்து, தேதி கீறி மாட்டி வெப்பாருங்க. நீங்களே சோதிச்சுப் பாருங்க."

யுவராஜின் முகம் வெளுத்தது. "சசி... நீ ஊட்டுக்குப் போ."

"சும்மா இருங்க மாமா. உங்க பேரு கெடறத நான் பாத்துட்டு இருப்பனா?"

கனகா சேலத்திலிருந்து, ஸ்டீலின் ரகத்தைக் காட்டும் சோதனைத் திரவம் வரவழைத்திருந்தாள். மூன்று வருடம் முந்தைய தேதி கீறிய ரிசார்ட் துண்டில் ஒரு சொட்டு விட்டாள். நிறம் மாறவில்லை. அசல் 304. சசிரேகாவுக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

முறிந்த தூணில் ஒரு சொட்டு...

சிவந்தது!

"இது 202," என்றாள் கனகா. "நிக்கல் கம்மி, மாங்கனீஸ் ஜாஸ்தி. சீக்கிரமாத் துருப்புடிக்கும். ஆனா இதுலயும் காந்தம் ஒட்டாது. இந்தத் தூண மாத்துனது ஆரு?"

"வேற ஆருங்க அதுல கை வெப்பாங்க? போன மாசம் இவருதானுங்க போயி மாத்துனாரு. இதா, அந்தத் துண்டும் இருக்குதுங்களே..."

பெருமையாகவே எடுத்து நீட்டினாள், பாவி மகள்.

அதிலும் சொட்டு விழுந்தது. அதுவும் சிவந்தது.

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? யுவராஜே சொன்னான். தூணின் அடியை ஆசிட்டில் ஊறவைத்து, அரித்த இடத்தை அலங்கார மூடி போட்டு மறைத்து நட்டானாம். 304 அத்தனை சீக்கிரம் மசியாது, அதனால்தான் 202. துண்டு அறுத்து மாட்டியது மட்டும் கைப்பழக்கம்.

"ஏன் மாமா?"

"நம்ம புவனாவ ஜீப்பு ஏத்திக் கொன்னது அவந்தான் சசி. டிரைவர் மேல பழியப் போட்டுட்டு, தெனமும் அங்க நின்னு காபி குடிச்சான். ஏழு வயசுப் புள்ள..."

சசிரேகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் போயாகிவிட்டது. புருஷனையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. வளையத்தைத் திருப்பிக் கேட்டாள். கனகா தரவில்லை.

லாக்கப்புக்குள் போகும்முன் யுவராஜ் காந்தத்தைக் கதவுக் கம்பியில் வைத்தான். டக்கென்று ஒட்டியது.

"வெறும் இரும்புங்க மேடம். தைரியமாப் பூட்டுங்க... இதுல நான் கை வெக்கலீங்க."