அகக்கரு தீரும் நாள்

நாற்பது குழந்தைகள் கிடந்த காப்பகத்தில் ஒரு முனகல்கூட இல்லை. பார்வையிட வருகிறவர்கள் அதைத்தான் மெச்சிவிட்டுப் போனார்கள். தவமணிக்கு எரிச்சலாக வந்தது. பதினொரு நாள் முன்பு அவள் பெற்ற மகள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எதுவும் வேண்டாதவளாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாக் குழந்தைகளின் வயிற்றிலும் அகக்கரு இருந்தது. பிறப்பதற்கு முந்தைய வாரம் ஊசி வழியே செலுத்தப்படும் சிறு பை. ஆறு மாதத்துக்கான சத்து அதிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். தாகம், ஈரம், சூடு எல்லாவற்றையும் தொட்டிலே கவனித்துக்கொண்டது.

யோசனை கோழிக்குஞ்சிடமிருந்து எடுத்தது. பொரிவதற்குச் சற்று முன்பு குஞ்சு, மிச்ச மஞ்சள் கருவைத் தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தத் தெம்பில் இரண்டு மூன்று நாள் தீவனமில்லாமல் பெட்டியில் ஊர் ஊராகப் போகும். பெண்களுக்கு விடுதலை என்று விளம்பரம் செய்தார்கள். விடுதலை கிடைத்தது முதலாளிகளுக்கு. பிரசவ விடுப்பு மூன்றே நாள் ஆனது. குழந்தைக்குத்தான் பசிக்காதே, அப்புறம் அம்மா எதற்கு? பை பழுதாகி முன்கூட்டியே தீர்ந்தால் மட்டும் 'ஊட்டு விடுப்பு' உண்டு.

தவமணிக்கு அதே வளாகத்தில், குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. செத்த குஞ்சுகளின் வயிற்றைக் கீறி, மிச்சக் கருவை எடை போட வேண்டும். அன்று இரண்டு குஞ்சுகளைக் கீறி அருகருகே வைத்தாள்.

"அக்கா, ரெண்டும் ஒரே நேரத்துல பொரிச்சது. இதுக்குப் பொரிச்சதுமே தீவனம் வெச்சாங்க. கரு கரைஞ்சே போச்சு பாருங்க. பட்டினியாக் கெடந்ததுக்கு இன்னும் பட்டாணியாட்டம் இருக்குது."

பக்கத்து மேசை ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். "தெரிஞ்சதுதானே? வாய்ல தீனி போனா கொடல் அசையும், கரு வெரசா எறங்கும். அதுக்கென்ன இப்ப?"

"எம்புள்ளைக்கும் கொடல் இருக்குதில்லீங்க்கா?"

ஜெசிந்தா கத்தியைக் கீழே வைத்தாள். "அடிப் பாவி! படிச்ச புள்ளைக்குப் புத்தி போற போக்கப் பாரு. மாட்டுனா வேல போயிரும்."

"போகட்டும். மார்ல துணிய அடைச்சுக்கிட்டு எத்தன நாளு நிக்கறது? நான் என்ன அவளப் பாக்க வந்த விருந்தாளியா?"

தேநீர் இடைவேளை பத்து நிமிடம். அதில் யாருக்கும் தெரியாமல் காப்பகத்துக்குள் போய் வந்தாள். முதல் நாள் குழந்தைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பசித்தறியாத வாய், நாக்கால் தள்ளிவிட்டது. தவமணி ஒரு சொட்டுப் பிழிந்து உதட்டில் தடவினாள்.

"நக்கிப் பாரு சாமி. உங்கம்மா சமையல்தான், அவ்வளவு மோசமா இருக்காது."

நான்காம் நாள் நாக்கு தானாக வெளியே வந்து தேடியது. ஏழாம் நாள் கவ்வியது. கவ்விய வேகத்தில் வலி உச்சந்தலைக்கு ஏறியது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பையில் மிச்சமுள்ள கருவைக் காட்ட, தொட்டிலில் பொருத்திய கருமானி மளமளவென்று இறங்கியது. மேற்பார்வையாளர் சென்னியப்பன் அதைத் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஆறு மாசத்துப் பை இது. ஒரே மாசத்துல காலியாகப் போகுது?"

"பை உங்க கம்பெனிதுங்க சார். என்னையக் கேட்டா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் அது நடந்தது. காப்பகக் கண்ணாடியைத் தாண்டி ஒரு வீறல். பொரிப்பகத்தில் அத்தனை கத்திகளும் நின்றன. புதிதாகப் பெற்ற நாலைந்து பேரின் மேலங்கி முன்பக்கம் பாலில் நனைந்தது.

தவமணி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். சிரித்துக்கொண்டே மகளைத் தூக்கினாள். பதறி வந்த சென்னியப்பன், பசித்து அழும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற தாயை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"விடுப்புப் படிவம் எடுத்து வைங்க சார்."

அவர் போனார். பின்னாலேயே ஜெசிந்தா வந்து நின்றிருந்தாள். மூன்றாவது தொட்டிலில் அவள் மகன், ஐந்து மாதக்காரன், கொழுகொழுவென்று, சத்தமில்லாமல் கிடந்தான். அவளுக்குப் பால் வற்றி வெகுநாளாகிவிட்டது.

"தவமணி, ஒடனே குடுத்துராத. இன்னொருக்கா அழட்டும்."

"ஏனுங்க்கா? பசிக்குது அவளுக்கு."

"ஒரே ஒருக்கா. எம்பையன் என்னைய இப்படிக் கூப்புட்டதே இல்ல புள்ள."

தவமணியின் விரல்கள் ரவிக்கைக் கொக்கியிலேயே நின்றன. குழந்தை மூச்சை இழுத்துக்கொண்டு வீறிட்டது.