புள்ளியும் நட்சத்திரமும்

மின்சாரத்தைத் துண்டித்து மூன்று மாதமான இரண்டாம் குளிரறையிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி வந்தது: அறை 2, உள் பொத்தான், அழுத்தப்பட்டது.

காந்தலூரில் மதியம் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கியிருந்தது. கேரட்டின் மண்வாசனையும் ஈரச் சாக்கின் புளிப்பும் நிறைந்த கிடங்கில் சதீஷ் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இயந்திரங்கள் நிமிடந்தோறும் தங்கள் நிலையைச் சொல்லும் வரிகளில் கோளாறை மட்டும் பொறுக்கித் தன் போனுக்கு அனுப்ப, ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் வடிகட்டி விதியை எழுதி வைத்தவன் அவன். மூன்று மாதம் முன் இரண்டாம் அறைக் கதவு சரியாக மூடாததால் போன் ஓயாமல் அலறியது. எரிச்சலில் 'அறை 2' என்பதற்குப் பின் ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும் போட்டு விலக்கினான். பின்னால் எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று அதற்கு அர்த்தம்.

அதே வாரம் அந்தக் கதவு இறுகிக்கொண்டது. மூட்டை அடுக்கப் போன மொக்கையன் உள்ளே. உள்ளிருந்து திறக்க முடியாது, உதவி கேட்கத்தான் பொத்தான். நாற்பத்தொரு முறை அழுத்தியிருந்தார். போன் அடிக்கவேயில்லை. விடிந்து உடலைத் தூக்கியதும் அந்த வரிகளை சதீஷ் அழித்தான். குடித்துவிட்டுப் படுத்திருப்பார் என்று முதலில் சொன்னதும் அவன்தான். புள்ளியையும் நட்சத்திரத்தையும் இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால், போட்டது யார் என்று யாராவது கேட்பார்கள்.

வாசலில் கேரட் தரம் பிரித்துக்கொண்டிருந்த மொக்கையனின் மனைவி முருகேஸ்வரி தலை நிமிர்ந்தாள்.

"தம்பி, அவரு குடிக்கிற ஆளில்லையே. ஒரு தடவகூடவா அழுத்தல?"

"இல்ல மதினி."

தினமும் அதே கேள்வி, அதே பதில். அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான். வரிகள் ஏறிக்கொண்டிருந்தன. நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

எங்கோ ஒயர் உரசுகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, டார்ச்சோடு போய் அறையைத் திறந்தான். கரண்டே இல்லாத அறையிலிருந்து குளிர் வந்து கணுக்காலைத் தொட்டது. அழுகல் நாற்றம். உள்ளே, டக். டக். பொத்தான் எதிர்ச்சுவரில். இரண்டடி வைத்தான். மூன்று.

பின்னால் கதவு இறுகிக்கொண்டது.

கத்தினான். குரல் சுவரைத் தாண்டவில்லை. போன் மேசைமேல் இருந்தது. அது அடிக்காது. அடிக்காதபடி எழுதியவன் அவன்தான்.

டார்ச் அணைந்தது. சுவரைத் தடவினான். பொத்தான் இருந்த இடத்தில் ஒரு விரல். சில்லென்று. நகம் பிய்ந்து.

"நாந்தாண்ணே," என்றான். அழுகை வந்தது. "நீங்க அழுத்துனீங்கண்ணே. நாந்தான் அழிச்சேன்."

அவன் அழுத்துவதற்கு இடம் விட்டு அந்த விரல் மெல்ல நகர்ந்தது.