ஐந்து டிகிரியில் உறைந்த இன்சுலின்

கொலம்பியாவின் பர்ரங்கியா நகரில் வெயில் ஏறிவிட்டால் மருத்துவமனை வாசலில் கொரோசோ பாக்கெட் ஐஸ்காரன் மணியடிக்க ஆரம்பித்துவிடுவான். அந்தப் பழ ஐஸைத் தின்ற நர்ஸுகளின் உதடுகள் சாயம் பூசியதுபோல் சிவந்து கிடக்கும். அப்படியொரு காலையில்தான் நூபியா கையில் ஒரு குப்பியோடு உள்தணிக்கை அறைக்குள் நுழைந்தாள்.

"பெத்சபே அம்மா, நான் தப்பு பண்ணலை. ஆனா மதியத்தோட என் வேலை போகுது."

பெத்சபே அம்மாள் யாரையும் அவசரப்படுத்தாத அதிகாரி. "உக்காரு. மொதல்ல குப்பியைக் காட்டு."

நூபியா மருந்தக உதவியாளர். இந்த வகை இன்சுலினை வார்டுக்கு அனுப்பும் முன் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பால்போல் ஒன்றாகக் கலந்தால் நல்லது. இன்று எவ்வளவு உருட்டியும் கட்டிகள் கரையவில்லை. உறைந்து உருகிய இன்சுலின் அப்படித்தான் திரியும். அவள் உடனே தலைமை மருந்தாளுநர் டாக்டர் எவரிஸ்தோவிடம் சொன்னாள். பழி அவள் மேலேயே வந்து விழுந்தது. குளிர்ப்பெட்டியில் குளிரைக் கூட்டும் திருகைத் திருப்பி மருந்தை உறைய விட்டது அவள்தானாம், வேலை ஒப்பந்தம் ரத்து.

குளிர்ப்பெட்டிச் சாவி மூவரிடம் உண்டு: நூபியா, சக உதவியாளன் வில்ஃப்ரிடோ, எவரிஸ்தோ. மருந்தகத்துக்குக் காபி கொண்டுபோகும் என்னிடம் கிடையாது. என்னைச் சந்தேகிக்கக்கூட ஆளில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

நாங்கள் போனபோது மருந்தகம் சந்தேகத்தில் புழுங்கிக்கொண்டிருந்தது. வில்ஃப்ரிடோ நூபியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எவரிஸ்தோ யார் முகத்தையுமே பார்க்கவில்லை; வழக்கமாகப் போடும் கூச்சலும் இல்லை. முகக்கவசம் என்றாலே மூச்சு முட்டுகிறது என்பவர், ஜலதோஷமென்று அதை மூக்குவரை ஏற்றியிருந்தார்.

"அம்மா, துப்பு துலக்க நான் கூட இருக்கேன்," என்றான் வில்ஃப்ரிடோ.

"உன்மேலயும் சந்தேகம் இருக்கப்பா."

"தெரியும். பக்கத்துலயே இருந்தா கண்காணிக்க உங்களுக்கு வசதிதானே?"

பெத்சபே அம்மாள் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். "இந்த வெப்பமானி, குளிர் எதுவரைக்கும் இறங்குச்சுன்னு காட்டும், இல்லையா?"

"காட்டும். அஞ்சு டிகிரி. அதுக்குக் கீழ போகவே இல்லை," என்றான் வில்ஃப்ரிடோ. பிறகு நெற்றியைச் சுருக்கினான். "அஞ்சுல எப்படிம்மா உறையும்?"

"எல்லாமே கெட்டுப்போச்சா நூபியா?"

"கீழ்த்தட்டுல முன்வரிசை மட்டும். பின்சுவரை ஒட்டி இருந்ததெல்லாம் நல்லா இருக்கு."

"ரொம்பக் குளிர்றது பின்சுவர்தானே?"

"ஆமாம்மா. திருகைக் கூட்டியிருந்தா அதுதான் மொதல்ல கெட்டிருக்கணும்."

வில்ஃப்ரிடோ தரையில் மண்டியிட்டு, கதவின் ரப்பரைத் தடவினான். "அம்மா, எறும்பு. இன்சுலினுக்கே சர்க்கரை வியாதி வந்துடுச்சு போல."

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். தட்டிலிருந்த கோப்பைகள் ஆடின.

"விளையாட்டு போதும். ரத்து உத்தரவுல கையெழுத்துப் போடணும்," என்றார் எவரிஸ்தோ.

"போடலாம் டாக்டர். அதுக்கு முன்னால எல்லாரும் ஒரு வாய் காபி குடிப்போம்."

நூபியா கோப்பையை எடுத்தாள். வில்ஃப்ரிடோ ஒரே மடக்கில் குடித்தான். எவரிஸ்தோ வேண்டாமென்று தலையசைத்தார். காபி கொஞ்சம் தாமதமானாலே மருந்துச் சீட்டுகளோடு சண்டை போடுகிற மனிதர் அவர்.

பெத்சபே அம்மாள் மெதுவாகப் பேசினார். "பெட்டி எதையும் உறைய வைக்கலை. ஏற்கெனவே உறைஞ்ச எதையோ யாரோ முன்வரிசையை ஒட்டி வச்சிருக்காங்க. எறும்பு வந்திருக்கு, அதனால அது இனிப்பு. நூபியா வச்சிருந்தா, குப்பியை உருட்டாமலே வார்டுக்கு அனுப்பியிருப்பா, யாருக்கும் தெரிஞ்சிருக்காது. வில்ஃப்ரிடோ காலையிலேருந்து வாயை மூடவே இல்லை. அவன் நாக்குல கறை இல்லை. வாசல்ல விக்கிற கொரோசோ ஐஸ் நாக்கை லேசுல விடாது. மூடியிருக்கிறது ஒரே ஒரு வாய்தான் டாக்டர்."

"துணியில சுத்தித்தானே வச்சேன்..." என்று தொடங்கிய எவரிஸ்தோ, பாதியில் நிறுத்தினார். பிறகு கவசத்தை இறக்கினார். தாடை வரைக்கும் சிவப்பு.

"வீட்ல பொண்டாட்டி இனிப்பைக் கண்ணுலகூடக் காட்டமாட்டேங்குறா. நேத்து ஒரு பை நிறைய வாங்கி உள்ள வச்சேன், மறந்து போயிட்டேன். காலையில உருகிக் கிடந்துச்சு. அதனால மிச்சத்தை..."

"தடயத்தைக் குடிச்சிட்டீங்க," என்றார் பெத்சபே அம்மாள்.

"நூபியா குப்பியைக் கொண்டுவந்து நீட்டினதும் பயந்துட்டேன்." அவர் உத்தரவைக் கிழித்துப் போட்டார். வேறொரு தாளை எடுத்து, கெட்டுப்போன இன்சுலினுக்குத் தானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நூபியா அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். அவள் அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையைத் தேடினேன்; அது எனக்குத்தான் தேவைப்பட்டது.

"டாக்டர், இன்னும் ஒரு வாரம் அந்தக் கவசத்தைக் கழட்டாதீங்க," என்றாள் அவள். "காலையிலேருந்து இந்த இடம் எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

நான் எவரிஸ்தோவுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.